சாவி யார் கையில்?

அன்புத் தம்பிக்கு,

இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக நியமனம் வந்த கையோடு பட்டாளத்துக் குடும்பங்களைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். நல்லது. வேலூரை ஒட்டிக் கம்மவான்பேட்டை போல வீட்டுக்கு வீடு ராணுவத்தில் ஆள் இருக்கும் ஊர்கள் நமக்கு உண்டு. ஆனால் உள்ளூர் வாத்தியாருக்கு எழுதுகிற மாதிரி அவர்களுக்குக் கார் பாலிசி எழுதிவிடாதே.

நீ இப்போது பேசிக்கொண்டிருக்கும் புதிதாகக் கல்யாணமான ஜோடியையே எடுத்துக்கொள். ராணுவ கேண்டீன் விலையில் கார், தமிழ்நாட்டு நம்பர். வட வங்காளத்தில் பின்னாகுரிக்குக் குடும்பத்தோடு போகிறார்கள். கொஞ்ச காலத்தில் கணவருக்கு ஃபீல்டு போஸ்டிங் வரும். குடும்பத்துக்கு அங்கே இடம் கிடையாது. மொழி தெரியாத ஊரில் அந்தப் பெண்ணும் காரும் மிஞ்சுவார்கள். அவருக்குப் போன் போகாது. அந்த நாளுக்காகத்தான் நீ பாலிசி எழுதுகிறாய். அதனால் அவளிடம் பேசாமல் படிவத்தை நிரப்பாதே. ஊரில் மாமனாரோ மைத்துனரோ வந்து முடித்துவிட்டுப் போகத்தான் பார்ப்பார்கள். வீடியோ காலிலாவது அவளைக் கூப்பிட்டு, கார் எங்கே நிற்கும், யார் ஓட்டுவார்கள் என்று கேள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கட்டாய விபத்துக் காப்பீடு 15 லட்சம் என்று நாம் சொல்லி விற்கிறோமே, அது ஓட்டும் உரிமையாளருக்கு மட்டும். ஆர்.சி.யில் பெயர் அவருடையது. அவர் எல்லையில் இருக்க, தினமும் ஓட்டுகிறவள் மனைவி. அவளுக்கு ஏதாவது ஆனால் அந்த 15 லட்சத்தில் ஒரு ரூபாய்கூட வராது. அவள் பெயரைக் குறித்து அதே பாலிசியில் விபத்துக் காப்பீடு சேர்க்கலாம், அல்லது தனி பாலிசி எடுக்கலாம். செலவு சொற்பம். இதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

நாமினி யார் என்றும் பார். கல்யாணத்துக்கு முன்பு எடுத்த பாலிசி என்றால் அம்மா பெயர் இருக்கும். மாற்றச் சொல்வது நம் வேலையில்லை. அது அவர்கள் குடும்ப விஷயம். ஆனால் யார் பெயர் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது தேதி. 2018 செப்டம்பரிலிருந்து புதுக் காருக்குத் தேர்ட் பார்ட்டி 3 ஆண்டுக்குச் சேர்த்தே வருகிறது. ஓன் டேமேஜ் பெரும்பாலும் ஓராண்டுதான். மூன்று வருஷம் கவலையில்லை என்று நினைத்துக்கொண்டே பனிமலைக்குப் போய்விடுகிறார்கள். ஓன் டேமேஜ் காலாவதியாகி 90 நாள் கடந்தால், 50 சதவீதம் வரை சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸும் போச்சு. நினைவூட்டல் அவர் எண்ணுக்கு மட்டும் போனால் பிரயோஜனமில்லை. அவள் எண்ணையும் பதிவு செய். கிளெய்ம் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவரும் பாலிசிதாரர்தான். அதனால் அவர் கிளம்புமுன் அவளுக்கு ஓர் அதிகாரக் கடிதம் எழுதி வாங்கிவிடு. எந்த வாசகத்தில் இருந்தால் ஏற்பார்கள் என்று கம்பெனியில் முன்கூட்டியே கேட்டுக்கொள்.

வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் கார் நின்றால் மறுபதிவு செய்ய வேண்டும். என்.ஓ.சி., வரி என்று அலைச்சல். படைவீரர்களுக்கு 2021 முதல் பி.ஹெச். வரிசை எண் கிடைக்கிறது. பதிவு செய்யும் மாநிலத்தில் அதைத் தருகிறார்களா என்று விசாரித்து, கார் வாங்கும் முன்பே சொல்லிவிட்டால் இந்தப் பாடு இல்லை. நம்பர் மாறினாலும் முகவரி மாறினாலும் உடனே எண்டார்ஸ்மென்ட் போடு.

பின்னாகுரிக்காரர்கள் ஒரு லீவு நாளில் ஜெய்கான் தாண்டி பூட்டானுக்கு ஓட்டிப் போவார்கள். நம் பாலிசி இந்தியாவுக்குள்தான். கூடுதல் பிரீமியம் கட்டினால் பூட்டான், நேபாளம் எல்லாம் சேரும். புறப்படும் முன் கட்ட வேண்டும்.

ஓன் டேமேஜில் கலவரம், பயங்கரவாதச் செயல், நிலச்சரிவு எல்லாம் அடங்கும். மாற்றலாகும்போது ரயிலிலோ லாரியிலோ கார் ஏற்றிப் போகும்போது நேரும் சேதமும் அடங்கும். போரும் போரை ஒத்த நடவடிக்கையும் அடங்காது. எல்லையோர கன்டோன்மென்டில் கார் வைத்திருப்பவரிடம் இதை மறைக்காதே. கையெழுத்துக்கு முன்னால் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்.

சிப்பாய் சம்பளத்தில் எல்லா ஆட்-ஆனும் தாங்காது. வட வங்காள மழைக்கு இன்ஜின் காப்பு வேண்டும். தண்ணீர் புகுந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து கெடுத்தால் சாதாரண பாலிசி தராது. புதுக் கார் என்பதால் ஜீரோ டிப்ரிஸியேஷனும் இருக்கட்டும். சாவி தொலைந்தால், டயர் வெடித்தால் என்று வருகிற மற்றதையெல்லாம் விட்டுவிடு. உனக்குக் கமிஷன் குறையும், பரவாயில்லை. ஃபீல்டு போஸ்டிங்கில் கார் அசையாமல் நிற்கப் போகிறது என்றால், ஓடும் கிலோமீட்டருக்கு ஏற்பப் பிரீமியம் கட்டும் வகை 2022-லிருந்து இருக்கிறது. அதையும் கணக்குப் போட்டுக் காட்டு.

அந்த ஜோடி எந்தத் தேதியில் கிளம்புகிறார்கள்? இப்போது போட்டிருக்கும் பாலிசியின் நகலோடு வா, அதற்குள் உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்துவிடலாம்.

அன்புடன்,
அண்ணன்