வகுப்பறைக்கு வரும் அருங்காட்சியகம்

கொல்கத்தாவில் 1814-ஆம் ஆண்டு ஆசியக் கழகத்தால் தொடங்கப்பெற்ற இந்திய அருங்காட்சியகத்தை வங்க மக்கள் ‘ஜாதுகர்’, அதாவது மாய வீடு, என்று வழங்கினர். 1851-இல் தோன்றிய சென்னை அருங்காட்சியகம் மக்கள் வழக்கில் ‘செத்த காலேஜ்’ ஆயிற்று. இரு பெயர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இட்ட பெயர்கள். வியப்பு கல்வியின் தொடக்கமாகலாம். ஆனால் அது முழுக் கல்வியாகிவிடாது.

ஆண்டில் ஒரு நாள் மாணவர்களை வரிசையாக அழைத்துச் சென்று, கண்ணாடிப் பெட்டிகளைக் கடந்து, மாலையில் ஊர் திரும்புவதால் விளையும் பயன் சிறிது. நகரத்திலிருந்து நெடுந்தொலைவிலுள்ள பள்ளிக்கு அந்த ஒரு நாளும் கிட்டுவதில்லை. ஆகவே, அருங்காட்சியகம் மாணவனைச் சென்றடைய வேண்டுமானால், முதலில் ஆசிரியரைச் சென்றடைய வேண்டும். இந்தியாவில் இவ்வுண்மையை உணர்ந்து செயற்பட்டவற்றுள் அறிவியல் அருங்காட்சியகங்கள் குறிப்பிடத்தக்கவை.

சால்ட் லேக்கிலிருந்து

கொல்கத்தாவின் கிழக்கே உப்புச் சதுப்பு நிலத்தை ஹூக்ளி ஆற்று வண்டலால் நிரப்பி உருவாக்கப்பட்டது சால்ட் லேக் நகர்ப்பகுதி. பிதான்நகர் என்றும் வழங்கப்பெறும் இப்பகுதியில்தான் தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுமத்தின் தலைமையகம் அமைந்துள்ளது. காட்சிப் பொருள்களை வடிவமைத்து, பணியாளர்க்குப் பயிற்சியளிக்கும் மத்திய ஆய்வு, பயிற்சிக் கூடமும் இங்கேயே உள்ளது.

இம்முயற்சியின் வேர் 1959-க்குச் செல்கிறது. ஜி.டி. பிர்லா அளித்த மாளிகையில் பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் கொல்கத்தாவில் அவ்வாண்டு திறக்கப்பட்டது. ‘தொடாதே’ என்னும் பலகைக்கு மாறாக, பொருளை இயக்கிப் பார்க்க மாணவனை அழைத்தது இதன் தனிச்சிறப்பு. வர இயலாதவர்களைத் தேடிச் செல்லும் பொருட்டு 1965-இல் நடமாடும் அறிவியல் கண்காட்சி தொடங்கப்பெற்றது. காட்சிப் பொருள்களை ஏற்றிய பஸ் கிராமப் பள்ளிகளுக்குச் சென்றது.

1978 ஏப்ரல் 4-ஆம் நாள் குழுமம் தனி அமைப்பாக உருப்பெற்றது. அதன்பின் மாவட்ட அறிவியல் மையங்கள் தோன்றின. மேற்கு வங்கத்தின் புருலியாவில் 1982-இலும், தமிழகத்தின் திருநெல்வேலியில் 1987-இலும் இத்தகைய மையங்கள் அமைந்தன. பெருநகரத்தின் வசதி மாவட்டத்திற்கும் கிட்ட வேண்டும் என்பதே இவற்றின் நோக்கம்.

ஆசிரியருக்குப் பயிற்சி

பஸ் வந்து சில நாள்களில் திரும்பிவிடும். ஆசிரியரோ பள்ளியிலேயே இருப்பவர். எனவே, எளிய பொருள்களைக் கொண்டு கற்பித்தல் கருவிகளைச் செய்யும் பயிற்சி, அறிவியல் மையங்களின் முக்கியப் பணிகளுள் ஒன்றாயிற்று.

ஓர் இரும்பு ஆணி, சிறிது காப்பிட்ட செம்புக் கம்பி, ஒரு டார்ச் விளக்கு மின்கலம் ஆகியவை இருப்பின் மின்காந்தம் தயார். கம்பியின் சுற்றுகளைக் கூட்டினால் ஆணி எத்தனை குண்டூசிகளைத் தூக்குகிறது என்று மாணவர்களே எண்ணிப் பட்டியலிடலாம். மையத்திலுள்ள பெரிய காட்சிப் பொருள் உணர்த்தும் அதே விதியை, ஆய்வுக்கூடம் இல்லாத பள்ளியின் மேசை மீதும் காணலாம். தம் கையாலேயே செய்து பார்த்த ஆசிரியர், கருவி பழுதுற்றாலும் அஞ்சமாட்டார், மற்றொன்றைச் செய்துகொள்வார்.

கலைப் பொருள்களின் துறையிலும் இத்தகைய பணி நடைபெறுகிறது. 1979-இல் நிறுவப்பெற்ற பண்பாட்டு வளங்கள், பயிற்சி மையம், கல்வியைப் பண்பாட்டுடன் இணைக்க ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கிறது. படங்களும் ஒலிப்பதிவுகளும் அடங்கிய தொகுப்புகளைப் பள்ளிகளுக்கு வழங்கி வந்துள்ளது. பிற நாடுகளிலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1905 முதல் காட்சிப் பொருள்கள் குதிரை வண்டியில் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டன. சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகம் 1912-இல் பொருள்களைப் பள்ளிகளுக்கு இரவல் தரும் திட்டத்தை ஏற்படுத்தியது.

ஒரு மண் குதிரை

பொருளைக் கொண்டு பாடம் நடத்தும் முறை யாது? மேற்கு வங்கத்தின் பாங்குரா மாவட்டத்துச் சுடுமண் குதிரையை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் உடனே விளக்கம் கூறுதல் கூடாது. மாணவர்கள் முதலில் உற்று நோக்கட்டும், பின்னர் வரையட்டும், அதன்பின் வினவட்டும். கால்களும் கழுத்தும் உருண்டையாக இருப்பது ஏன்? அவை சக்கரத்தில் தனித்தனியே வனையப்பட்டுப் பின்னர் இணைக்கப்பட்டவை. உள்ளே கூடாக இருப்பது ஏன்? தடித்த களிமண்ணில் ஈரம் தங்கினால், சூளை வெப்பத்தில் அது நீராவியாகி மண்ணை வெடிக்கச் செய்யும். இவ்வாறு கலைப்பாடம் அறிவியல் பாடமாக விரிகிறது.

இக்குதிரைக்காக வங்கம் வரை செல்ல வேண்டுவதில்லை. தமிழக ஆசிரியருக்கு ஐயனார் கோயில் குதிரை உண்டு. அதனை வனையும் வேளார் அருகிலேயே இருக்கக்கூடும். அவரை வகுப்பறைக்கு அழைத்தால், நூல் கூறாத பல செய்திகளை மாணவர் அறிவர். தம் ஊர்த் தொழிலின்பால் மதிப்பும் கொள்வர்.

செய்ய வேண்டுவன

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை செயல்வழிக் கற்றலையும் கலை இணைந்த கல்வியையும் வலியுறுத்துகிறது. ஆயினும், கொள்கை மட்டும் ஆசிரியரின் சுமையைக் குறைத்துவிடாது. பாடத்தை முடிக்க வேண்டும், தேர்வுக்கு ஆயத்தப்படுத்த வேண்டும் என்னும் நெருக்கடிக்கிடையே பொருளைத் தேடவும் வினாக்களை வகுக்கவும் அவருக்கு நேரம் தேவை.

ஆகவே, கல்வி அலுவலர்கள் கவனிக்க வேண்டியவை மூன்று. பயிற்சிக்குச் செல்லும் நாள்களைப் பணிநாள்களாகக் கொள்ளுதல் வேண்டும். மாணவர்களை அழைத்துச் செல்வதற்கு முன்னர் ஆசிரியர் ஒருமுறை தாமே சென்று பார்த்து, பாடத்துடன் தொடர்புடைய சில பொருள்களைத் தேர்ந்துகொள்ள வசதி செய்தல் வேண்டும். பயிற்சி பெற்றவர் அண்டைப் பள்ளி ஆசிரியர்களுக்கும் அதனைக் கற்பிக்க வாய்ப்பளித்தல் வேண்டும்.

அருங்காட்சியகத்திற்கு எத்தனை பேர் வந்தனர் என்பது ஓர் அளவுகோல். அங்குப் பயின்ற ஆசிரியர்கள் எத்தனை வகுப்பறைகளில் மாணவர் கையில் ஒரு பொருளைக் கொடுத்துச் சிந்திக்கச் செய்தனர் என்பதே சிறந்த அளவுகோல். அருங்காட்சியகத்தை ஒருநாளும் காண வாய்ப்பில்லாத சிறுவனுக்கும் அதன் பயன் கிட்டுவது அவ்வழியில்தான்.