பாதாள சாக்கடைக்குக் கடன்: எந்த வழி உங்கள் ஊருக்கு ஏற்றது?

உங்கள் நகராட்சியில் பாதாள சாக்கடைத் திட்டமோ புதிய குடிநீர்த் திட்டமோ வரப்போகிறதா? திட்ட அறிக்கையில் நிதி ஆதாரம் பற்றிய பக்கத்தை முதலில் புரட்டுங்கள். மானியம் போக மீதியைக் கடனாக வாங்கினால், அதை அடைக்கப்போவது வரியும் கட்டணமும் கட்டும் மக்கள்தான். மன்றத்தில் தீர்மானம் போடும் முன் இந்த நான்கு வழிகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

1. மானியம்

2021-ல் தொடங்கிய அம்ருத் 2.0 திட்டத்தில், மக்கள்தொகை ஒரு லட்சத்துக்கும் குறைந்த ஊர்களுக்கு மத்திய அரசின் பங்கு 50 சதவீதம். ஒன்று முதல் பத்து லட்சம் வரை என்றால் மூன்றில் ஒரு பங்கு. அதற்கு மேல் 25 சதவீதம். மானியத்துக்கு வட்டி இல்லை. ஆனால் அதுவே முழுச் செலவுக்கும் போதாது.

2. அரசு சார்ந்த நிதியங்களின் கடன்

தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியம் 1996-ல் தனியார் நிதி நிறுவனங்களையும் சேர்த்துக்கொண்டு உருவானது. அதற்கு முன்பே தொடங்கியது டுஃபிட்கோ எனும் தமிழ்நாடு நகர்ப்புற நிதி மற்றும் உள்கட்டமைப்பு வளர்ச்சிக் கழகம். சந்தையில் தனியாகக் கடன் திரட்ட முடியாத நகராட்சிகளுக்கு இவை நல்ல துணை. கடன் தருமுன் வரவு செலவைத் துருவிப் பார்ப்பார்கள். அந்தச் சோதனை ஊருக்கும் நல்லதே.

3. கூட்டுக் கடன்பத்திரம்

சிறிய ஊர் தனியாகப் பத்திரம் வெளியிட்டால் செலவு கட்டுப்படியாகாது. இதற்காகவே 2002-ல் குடிநீர், சுகாதாரக் கூட்டு நிதியம் அமைந்தது. பத்துக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகளின் திட்டங்களுக்காகச் சுமார் 30 கோடி ரூபாயைச் சந்தையில் ஒன்றாகத் திரட்டியது. தவணை தவறினால், மாநில அரசு அந்த ஊருக்குத் தரும் நிதியிலிருந்தே பிடித்தம் செய்ய ஏற்பாடு உண்டு. கட்டண வசூல் மந்தமாக உள்ள ஊர் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

4. சொந்தக் கடன்பத்திரம்

மதுரை மாநகராட்சி 2001-லேயே உள்வட்டச் சாலைக்காகப் பத்திரம் வெளியிட்டது. சென்னை மாநகராட்சி 2025-ல் சுமார் 200 கோடி திரட்டியது. தணிக்கை முடிந்த கணக்குகளும் நல்ல கடன் தர மதிப்பீடும் உள்ள மாநகராட்சிகளுக்கே இது சரிப்படும்.

வட்டியா, இணைப்பா?

பேச்செல்லாம் வட்டி விகிதத்தைச் சுற்றியே நடக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 கோடி ரூபாய்க் கடன், 9 சதவீத வட்டி, 15 ஆண்டுகளில் சமமான ஆண்டுத் தவணைகள். ஆண்டுக்குச் சுமார் 1.24 கோடி கட்ட வேண்டும். 10,000 வீடுகள் இணைப்பு எடுத்தால், கடனுக்காக மட்டும் வீட்டுக்கு மாதம் 103 ரூபாய். வட்டி 8 சதவீதமானால் 97 ரூபாய். மிச்சம் வெறும் 6 ரூபாய். வட்டி மாறாமல் 6,000 வீடுகளே இணைப்பு எடுத்தாலோ, ஒவ்வொரு வீட்டின் சுமையும் 172 ரூபாயாக ஏறிவிடும். இதற்கு மேல் கழிவுநீரேற்று நிலையத்தின் மின்கட்டணமும் பராமரிப்பும் தனி.

வட்டியைவிட இணைப்புகளின் எண்ணிக்கையே முக்கியம் என்பதைப் புரிந்துகொண்ட ஊர் ஆலந்தூர். தொண்ணூறுகளின் பிற்பகுதியில், வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிக இடங்களுக்கு 10,000 ரூபாய் என வைப்புத்தொகை கேட்டு, நகராட்சி மக்களிடம் நேரடியாகப் போனது. திரண்ட பணம் கடனைக் குறைத்தது. யாரெல்லாம் இணைப்பு எடுப்பார்கள் என்பதும் முன்கூட்டியே தெரிந்தது. மீதிக்குத்தான் நகர்ப்புற வளர்ச்சி நிதியம் உள்ளிட்டவற்றின் கடன்.

எதைத் தேர்வது?

சிறு ஊர்கள் மானியத்தோடு நிதியக் கடனை வாங்கட்டும். கட்டண வசூல் ஒழுங்காக உள்ள நகராட்சிகள் கூட்டுப் பத்திரத்தில் சேரலாம். பெரிய மாநகராட்சிகள் சொந்தப் பத்திரத்துக்குப் போகலாம். எந்த வழியானாலும், எத்தனை வீடுகள் இணைப்புக்குப் பணம் கட்டியிருக்கின்றன என்று மன்றத்தில் கேளுங்கள். அதற்குப் பதில் வராத வரை கடன் தீர்மானத்துக்குக் கை தூக்காதீர்கள்.