வசந்தம் தெளிவாகத் தெரிய: வீட்டுக்குள் வைக்கும் ஆன்டெனாவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சிங்கப்பூரில் வசந்தம், சேனல் 5, சேனல் 8, சேனல் யு, சுரியா, சிஎன்ஏ ஆகிய ஒளிவழிகளை மாதக் கட்டணம் இல்லாமல் பார்க்கலாம். தொலைக்காட்சி உரிமக் கட்டணமும் 2011-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. வேண்டியது ஓர் ஆன்டெனாதான். கடையில் எதை எடுப்பது என்று குழம்ப வேண்டாம். விலையைவிட, அதை வீட்டில் எங்கே வைக்கிறோம் என்பதுதான் படத்தைத் தீர்மானிக்கிறது. பின்வரும் வரிசையில் செய்யுங்கள்.

1. தொலைக்காட்சியைச் சோதியுங்கள்

பழைய அனலாக் ஒளிபரப்பு 2018 டிசம்பர் 31-உடன் நின்றுவிட்டது. இப்போது வருவது டிவிபி-டி2 முறையிலான மின்னிலக்க ஒளிபரப்பு. உங்கள் பெட்டியின் கையேட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் ஒரு செட் டாப் பாக்ஸ் வாங்க வேண்டும். எந்த ஆன்டெனாவாலும் அந்தக் குறையைச் சரிசெய்ய முடியாது.

2. சுவர் முனையைப் பாருங்கள்

பல கொண்டோமினியங்களில் கட்டடத்துக்கே பொது ஆன்டெனா இருக்கும். சுவரிலுள்ள தொலைக்காட்சி முனையை ஆன்டெனா கம்பியால் உங்கள் பெட்டியோடு இணைத்துப் பாருங்கள். ஒளிவழிகள் வந்தால் செலவு மிச்சம். வீவக வீடுகளில் பெரும்பாலும் சொந்த ஆன்டெனா தேவைப்படும்.

3. திசையைக் கண்டுபிடியுங்கள்

அலைகள் புக்கிட் பாத்தோக் கோபுரத்திலிருந்து வருகின்றன. கைப்பேசி வரைபடத்தில் அதைத் தேடி, எந்தச் சன்னல் அந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தெம்பனிஸ்வாசிகளுக்கு அது மேற்கு. உட்லண்ட்ஸ்வாசிகளுக்கு ஏறத்தாழத் தெற்கு.

4. வகையைத் தேர்ந்தெடுங்கள்

யுஎச்எஃப் அலைகளைப் பிடிக்கும் எளிய ஆன்டெனா போதும். அட்டையில் "300 கிலோமீட்டர்" என்று அச்சிட்டிருந்தால் மயங்காதீர்கள். தீவின் நீளமே ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். பூஸ்டர் உள்ள வகை, வந்து சேர்ந்த அலையோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். கோபுரத்துக்கு அருகில் வசிப்பவர்களுக்கு அது படத்தைக் கெடுக்கவும் கூடும். முதலில் பூஸ்டர் இல்லாததை, மாற்றித் தரும் கடையில் வாங்கிப் பாருங்கள். பூஸ்டர் தேவைப்பட்டால், பெட்டியின் அமைப்பில் ஆன்டெனாவுக்கான 5 வோல்ட் மின்சாரத்தை இயக்குங்கள். பூஸ்டர் இல்லாததற்கு அதை அணைத்தே வையுங்கள்.

5. கம்பியைக் கவனியுங்கள்

சன்னல்வரை எட்டும் நீளம் வேண்டும். அதற்கு மேல் சுருட்டிவைக்கும் நீளம் வேண்டாம். செருகுமுன் முனையை உற்றுப் பாருங்கள். நடுவிலுள்ள மெல்லிய ஊசி வளைந்திருந்தாலோ, சுற்றியுள்ள வலையிலிருந்து ஓர் இழை பிரிந்து அதைத் தொட்டிருந்தாலோ படம் வராது. எத்தனையோ "பழுதான" ஆன்டெனாக்களின் நோய் அவ்வளவுதான்.

6. இடத்தைத் தேடுங்கள்

இரும்புக்கம்பி வைத்துக் கட்டிய கான்கிரீட் சுவர் அலையை மறைக்கும். சன்னல் கிராதியும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடித்தாளும் அப்படியே. தொலைக்காட்சிக்குப் பின்னால் ஒளித்து வைக்காமல் கோபுரத்தைப் பார்த்த சன்னலுக்குக் கொண்டுபோங்கள். இந்த அலையின் நீளம் ஏறக்குறைய அரை மீட்டர். சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும், பக்கத்திலேயே வலுப்படுத்தும். அதனால் ஒரு சாண் தள்ளி வைத்தாலே நிலைமை மாறிவிடலாம். ஒட்டுநாடாவால் தற்காலிகமாக ஒட்டி, சாண் சாணாக நகர்த்திப் பாருங்கள்.

7. ஒளிவழிகளைத் தேடிச் சரிபாருங்கள்

இடத்தை மாற்றும்போதெல்லாம் அமைப்பில் உள்ள அலையின் தரத்தைக் காட்டும் அளவைப் பாருங்கள். மின்னிலக்கப் படம் மெல்ல மங்காது. நன்றாக இருக்கும், இல்லையேல் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். ஆகவே பார்க்கும் அளவுக்கு வருகிறதே என்று விட்டுவிடாமல், அளவு உச்சத்தைத் தொடும் இடத்தைத் தேடுங்கள். பிறகு ஒளிவழிகளை மீண்டும் தேடச் செய்து, ஒவ்வொன்றையும் சில நிமிடம் பாருங்கள். எல்லாரும் வீட்டில் நடமாடும், விளக்குகள் எரியும் மாலை நேரத்தில் இன்னொரு முறை பாருங்கள்.

சரியான இடம் கிடைத்ததும் சன்னலோரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவையுங்கள். தீபாவளிக்கு வீடு துடைக்கக் கழற்றினாலும் அதே இடத்தில் திரும்ப மாட்டிவிடலாம்.