கூரை நீரும் மின்னாற்றலும்

உயரத்தினின்று வீழும் நீர் சக்கரத்தைச் சுழற்றும். அச்சுழற்சியினின்று மின்சாரம் பிறக்கும். 1932-ஆம் ஆண்டில் நீலகிரியைச் சார்ந்த பைக்காராவில் இவ்வாறே மின்னாக்கம் தொடங்கிற்று. அங்ஙனமாயின், கூரையில் விழும் மழைநீரைத் தேக்கி இல்லத்திற்கு விளக்கேற்றலாகாதோ எனச் சிலர் வினவுவர். நல்ல வினாவே, கணக்கிட்டுக் காண்போம்.

100 சதுர மீட்டர் பரப்புள்ள கூரையின்மேல் ஓராண்டில் ஒரு மீட்டர் மழை பெய்யுமாயின், ஓர் இலட்சம் லிட்டர் நீர் சேரும். அந்நீர் முழுவதும் 5 மீட்டர் கீழே வீழ்ந்து தரும் ஆற்றல், சிறிதும் வீணாகாவிடினும், ஒன்றரை யூனிட்டை எட்டாது. 40 வாட் விளக்கொன்று ஏறத்தாழ 34 மணி நேரம் எரியும். ஓராண்டு மழைக்கு அவ்வளவே ஒளி! பைக்காராவிலோ, ஓயாது ஓடும் ஆற்றுநீர் குழாய் வழியே 3000 அடிக்கு மேல் இறங்கிச் சக்கரத்தைத் தாக்கிற்று. கூரைக்கு அவ்வுயரம் ஏது? ஆயினும், நாள்தோறும் 250 லிட்டர் செலவிடும் குடும்பத்திற்கு அதே கூரை நீர் 400 நாள் வரும்.