கப்பல் துறையில் எழுந்த வீட்டில் தாய்க்குப் பாகம் உண்டா?

கேள்வி: சிங்கப்பூரில் உத்தியோகத்திலிருந்த என் ஒரே மகன் உயில் எழுதாமல் காலமாகிவிட்டான். கெப்பல் விரிகுடாவில் அவன் வாங்கிய அடுக்குமாடி வீடும், வெளிநாடு போகுமுன் நன்னிலத்தில் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய நஞ்சையும் உள்ளன. மருமகளும் சிறுவனான பேரனும் அங்கே இருக்கிறார்கள். எனக்குப் பாகம் உண்டா?
— நன்னிலம் வாசகி

பதில்: அம்மா, புத்திர சோகத்தின் நடுவே பாகப் பேச்சை எடுக்க நேர்ந்த தங்கள் சங்கடத்தை உணர்கிறேன். நஞ்சையைப் பற்றிச் சொல்வது சுலபம். 1956-ஆம் வருஷத்து ஹிந்து வாரிசுரிமைச் சட்டம் தாயையும் மனைவியையும் மக்களையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருப்பதால், மூன்றில் ஒரு பாகம் தங்களுடையது. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழில் தங்கள் பெயர் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டின் விஷயம் வேறு. 1913-இல் திறக்கப்பட்ட கிங்ஸ் டாக் முதலிய உலர்துறைகளில் கப்பல்களைச் செப்பனிட்டு வந்த அந்தக் கரையில், பட்டறை அகன்ற பிறகு, டானியல் லிபெஸ்கின்ட் என்னும் கட்டடச் சிற்பி வகுத்த 1,129 வீடுகளைக் கொண்ட ‘ரிஃப்ளெக்ஷன்ஸ்’ போன்ற மாளிகைகள் எழுந்திருக்கின்றன. எனினும் அங்கே வாங்குபவருக்குக் கிடைப்பது 99 வருஷக் குத்தகைப் பாத்தியதையே. குத்தகைதானே, அதை ஜங்கம சொத்தென்று வாதாடி நம் தேசத்துச் சட்டத்துக்குள் இழுத்துவிடலாமே என்று யாரேனும் தங்களுக்கு ஆசை காட்டினால் நம்பவேண்டாம். நிலத்தைப் பற்றிய குத்தகையும் இவ்விஷயத்தில் ஸ்தாவரமாகவே கருதப்படும். ஸ்தாவரத்துக்கு அது இருக்கும் தேசத்தின் சட்டமே பிரமாணம். சிங்கப்பூர்ச் சட்டமோ, உயில் இல்லாதபோது மனைவிக்குப் பாதியும் மக்களுக்குப் பாதியும் கொடுத்து, மக்கள் இருக்கையில் பெற்றோரை அடியோடு விலக்கிவிடுகிறது. முதுமையில் மகனையே நம்பியிருந்த தாயை நினைத்தால், நம் சட்டமே கருணை மிக்கதென்பது என் அபிப்பிராயம். ஆனால் அபிப்பிராயத்தால் பாகம் கிடைக்காது. தம்பதியர் கூட்டுரிமையாளராக வாங்கியிருந்தால், எஞ்சியவருக்கு முழு உரிமை என்ற முறைப்படி, வீடு முழுவதும் மருமகளையே சேரும். பேரனுக்கும் அதில் பங்கிராது.

தாங்கள் கேளாத ஒன்றிலேதான் தங்களுக்கு இடம் இருக்கிறது. அங்குள்ள பாங்கிப் பணம் ஜங்கமம். அதற்கு, மகன் நிரந்தர வாசஸ்தலமாகக் கொண்டிருந்த தேசத்தின் சட்டம் பொருந்தும். அவன் ஊர் திரும்பும் உத்தேசத்தோடுதான் அங்கே இருந்தான் என்று ருசுவானால், தன் பெயரில் மட்டும் அவன் போட்டிருந்த தொகையிலும் மூன்றில் ஒன்று தங்களுக்கு வரும். சேமநிதியோ நியமனப் பத்திரத்தில் பெயருள்ளவருக்கே போய்விடும். ஆகவே, திரும்பி வருவதைப் பற்றி அவன் எழுதிய கடிதங்களைத் தேடியெடுத்து, மருமகள் நிர்வாக உரிமை கோரி அங்குள்ள நீதிமன்றத்தில் மனு செய்யுமுன், ஒரு சிங்கப்பூர் வக்கீலிடம் காட்டுங்கள்.