செயவென் எச்சமும் தொழிற்பெயரும்: ஆங்கில இன்ஃபினிட்டிவ், ஜெரண்ட் வடிவங்களோடு ஓர் ஒப்பீடு

முன்னுரை

ஆங்கிலத்தில் ஒரு வினையைச் சார்ந்து வரும் மற்றொரு வினை, 'டு ரீட்' என இன்ஃபினிட்டிவாகவோ 'ரீடிங்' என ஜெரண்டாகவோ அமையும். எவ்வினைக்குப்பின் எவ்வடிவம் வரும் என்பது பெரும்பாலும் பட்டியலாக மனப்பாடம் செய்விக்கப்படுகிறது. மதுரை மாவட்டத்து வாடிப்பட்டி போன்ற வேளாண் ஊர்களில் தமிழ்வழி பயிலும் மாணவர், இதற்கு நிகரான வேறுபாட்டைத் தம் பேச்சிலேயே பிழையின்றி ஆள்கின்றனர். அவ்வறிவு கற்பித்தலுக்கு எவ்வளவு துணைசெய்யும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

இலக்கண மரபு

வினையெச்ச வாய்பாடுகளைத் தொல்காப்பியம் ஒன்பதாகவும் நன்னூல் பன்னிரண்டாகவும் கூறுகின்றன. அவற்றுள் 'செய' என்னும் வாய்பாட்டைக் கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் (1856) இன்ஃபினிட்டிவ் எனக் கொண்டார். எச்சம் வேற்றுமை உருபு ஏலாது; தொழிற்பெயர் ஏற்கும். 'பூட்டுதல்' காலம் காட்டாது. 'பூட்டியது', 'பூட்டுவது' ஆகியன காட்டும்.

ஒத்த இடங்கள்

'மோட்டார் அறையைப் பூட்ட மறந்தான்' என்றால் பூட்டு நிகழவில்லை. 'பூட்டியதை மறந்தான்' என்றால் பூட்டு நிகழ்ந்தது, நினைவே தவறியது. 'ஃபர்காட் டு லாக்', 'ஃபர்காட் லாக்கிங்' ஆகியவற்றின் வேறுபாடும் இதுவே. வாடிப்பட்டி மாணவர் 'பூட்ட மறந்துட்டான்', 'பூட்டுனத மறந்துட்டான்' எனப் பேசும்போது இவ்விலக்கணத்தையே பின்பற்றுகின்றனர். 'ஸ்டாப்' என்னும் ஒரே வினையின் இரு பொருளையும் தமிழ் இரு வினைகளால் உணர்த்துகிறது: பேச நின்றான், பேசுவதை நிறுத்தினான். 'லுக் ஃபார்வர்ட் டு' என்பதில் 'டு' இருந்தும் ஜெரண்ட் வருவது மாணவரை மயக்கும். 'சந்திப்பதை எதிர்நோக்குகிறேன்' என்னும் தொடரின் ஐயுருபு அம்மயக்கத்தை நீக்கும்.

ஒவ்வாத இடங்கள்

இவ்வொப்புமைக்கு எல்லையும் உண்டு. 'திறக்க முயன்றான்' என்பது 'டிரைட் டு ஓப்பன்'. 'டிரைட் ஓப்பனிங்' என்பதற்கு நிகர் தொழிற்பெயரன்று, 'திறந்து பார்த்தான்' என்னும் செய்தென் எச்சமே. 'ஃபினிஷ்ட் ரீடிங்' என்பதும் 'படித்து முடித்தான்' என்றே ஆகும். 'வருவதாக உறுதியளித்தான்' என்பதில் 'ஆக' வர, ஆங்கிலம் இன்ஃபினிட்டிவை வேண்டுகிறது.

முடிவுரை

ஆங்கிலத்தின் இருகூற்றுப் பகுப்பிற்கு எதிரே தமிழ் செய, செய்து, உருபேற்ற தொழிற்பெயர் என மூன்றையேனும் நிறுத்துகிறது. செயவென் எச்சம் வருமிடத்து இன்ஃபினிட்டிவ், ஐயுருபு வருமிடத்து ஜெரண்ட் என்பதைத் தொடக்க விதியாகக் கொள்ளலாம். செய்தென் எச்சமும் 'ஆக' ஈறும் வருமிடங்களை மட்டும் தனியே பயிற்றுவித்தால் பட்டியலின் சுமை குறையும். தமிழிலக்கணத்தை நன்கறிந்த மாணவர்க்கு ஆங்கில இலக்கணம் முற்றிலும் அயலானதன்று.