விவாகரத்து வழக்கில் சமரசம்: பிள்ளைக்காக உட்கார்ந்து பேச ஒரு வழி

கனகசெட்டிக்குளம் போன்ற கடலோர ஊரில் கணவன் மனைவிக்குள் சண்டை முற்றினால், யாரும் முதலில் கோர்ட்டுக்குப் போவதில்லை. வீட்டுப் பெரியவர்கள் பேசிப் பார்ப்பார்கள். மாமன், மச்சான் வருவார்கள். அதிலும் தீரவில்லை என்றால் ஊர்ப் பஞ்சாயத்து கூடும். எல்லாம் முடிந்த பிறகுதான் வக்கீல், குடும்ப நீதிமன்றம் என்று கால் வைப்பார்கள். அங்கே நீதிபதி, “சமரச மையத்துல போய்ப் பேசிட்டு வாங்க” என்று அனுப்பும்போது பலருக்கும் சலிப்பு வருகிறது: “இதைத்தானே ஊர்லயும் பேசினோம், மறுபடியும் எதுக்கு?”

நியாயமான கேள்விதான். பதில் தெரியாமல் சமரச அறைக்குள் போகிறவர்கள் கடமைக்கு உட்கார்ந்துவிட்டு எழுந்து வருகிறார்கள். தெரிந்து போகிறவர்களுக்கு, குறிப்பாகப் பிள்ளை விஷயத்தில், தீர்ப்பில் கிடைக்காத சில நன்மைகள் அங்கே கிடைக்கும். அவை என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பஞ்சாயத்தும் சமரசமும் ஒன்றா?

இரண்டுமே பேசித் தீர்க்கும் வழிதான். ஆனால் பஞ்சாயத்தில் இரண்டு பக்கமும் கேட்டுவிட்டுப் பெரியவர்கள் முடிவு சொல்வார்கள். சமரசத்தில் அப்படி முடிவு சொல்ல ஒருவரும் இல்லை. நடுவில் உட்காரும் சமரசர் இந்த வேலைக்கென்று பயிற்சி பெற்றவர். ‘நீ சரி, நீ தப்பு’ என்று சொல்ல அவருக்கு அதிகாரம் கிடையாது. நீங்கள் இருவரும் சொல்வதுதான் முடிவு. அதற்கு வழி திறந்துவிடுவது மட்டுமே அவர் வேலை. ஊர் கூடி வேடிக்கை பார்ப்பதும் அங்கே இல்லை. கதவை மூடிக்கொண்டு பேசலாம்.

இன்னொரு வித்தியாசம் சட்டத்தில் இருக்கிறது. பஞ்சாயத்தில் எழுதி வாங்கிய பேப்பரோ, பத்திரத்தில் எழுதி நோட்டரி முத்திரை வைத்த பேப்பரோ பொதுவாக விவாகரத்து ஆகாது. வழக்காற்றின்படி நடக்கும் மணமுறிவை இந்து திருமணச் சட்டம் அறவே தள்ளிவிடவில்லை. ஆனால் அப்படி ஒரு வழக்காறு உண்மையிலேயே இருக்கிறது என்பதைச் சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும், அது எளிதல்ல. அந்தப் பேப்பரை நம்பி இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால் அது செல்லாமல் போவதோடு குற்ற வழக்கும் வரலாம். சமரசத்தில் எழுதும் ஒப்பந்தமோ நீதிமன்றத்துக்குப் போய், அதன் அடிப்படையில் ஆணையாக வெளிவரும். ஒருவர் மீறினால் மற்றவர் அதைக் காட்டி அமல்படுத்தக் கேட்கலாம்.

சட்டம் ஏன் இதை முன்னால் வைக்கிறது?

1984ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, வழக்கை விசாரிக்கும் முன் இணக்கத்துக்கு முயற்சி எடுப்பதை நீதிமன்றத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. புதுச்சேரி நீதிமன்றங்கள் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ் வருபவை. அந்த உயர் நீதிமன்ற வளாகத்தில் 2005 ஏப்ரல் 9 அன்று திறக்கப்பட்டதுதான் நாட்டில் நீதிமன்றத்தோடு இணைந்த முதல் சமரச மையம். கணவன் மனைவி வழக்குகளில் தொடக்கத்திலேயே சமரசத்துக்கு முயல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் வலியுறுத்தியது. 2023இல் நாடாளுமன்றம் சமரசத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது.

“அப்படின்னா சேர்ந்து வாழச் சொல்லி வற்புறுத்துவாங்களா?” இல்லை. சமரசத்துக்கு மூன்று முடிவுகள் உண்டு. மனம் மாறிச் சேர்ந்து வாழலாம். சண்டையில்லாமல் பிரியலாம். அல்லது விவாகரத்தில் உடன்படாவிட்டாலும் பிள்ளை, செலவு போன்ற சிலவற்றில் மட்டும் உடன்பட்டு, மீதியை நீதிபதியிடம் விடலாம்.

இரண்டாவது முடிவுக்கு இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவில் வழி இருக்கிறது. ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்த தம்பதியர் சேர்ந்து மனு போட்டு, ஆறு மாதம் கழித்து, 18 மாதத்துக்குள் மறுபடியும் வந்து சம்மதத்தை உறுதி செய்ய வேண்டும். தகுந்த வழக்குகளில் இந்த ஆறு மாதக் காத்திருப்பை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கு அது வைத்த நிபந்தனைகளில் ஒன்று, ஜீவனாம்சமும் பிள்ளைப் பொறுப்பும் உண்மையாகவே பேசி முடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது.

அறைக்குள் என்ன நடக்கும்?

முதலில் இருவரையும் சேர்த்து உட்கார வைத்து, சமரசர் விதிகளைச் சொல்வார். பிறகு ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவார். தனியாகச் சொன்னதை உங்கள் அனுமதி இல்லாமல் மறுபக்கத்துக்குச் சொல்ல மாட்டார். வக்கீல் கூட இருக்கலாம், ஆனால் பேச வேண்டியது நீங்கள்தான். மாமியார், மாமனார், அண்ணன் வந்து பேச வேண்டுமானால் இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

அங்கே பேசியது ரகசியம். பேச்சு முறிந்தால் ‘உடன்பாடு ஏற்படவில்லை’ என்று மட்டும் நீதிமன்றத்துக்குத் தகவல் போகும். “பேச்சுல அவரு ரெண்டு லட்சம் தர்றேன்னு ஒத்துக்கிட்டாரு” என்று பிறகு சாட்சி சொல்ல முடியாது. இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குடும்ப நீதிமன்றத்தில் சமரசர் வேறு, குடும்ப நல ஆலோசகர் வேறு. ஆலோசகர் பிள்ளையிடம் பேசிவிட்டு நீதிமன்றத்துக்குத் தரும் அறிக்கைக்கு அந்த ரகசியம் பொருந்தாது. பிள்ளையின் நலனை முடிவு செய்ய நீதிபதி அதைப் பார்க்கலாம் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. யாரிடம் பேசுகிறோம் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

பிள்ளை யார் பக்கம்?

சட்டம் என்ன சொல்கிறது? 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, ஐந்து வயது நிரம்பாத பிள்ளை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும். அதற்கு மேல், எந்த வயதானாலும், பிள்ளையின் நலனே முதன்மை. எல்லா மதத்தவருக்கும் பொதுவான 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டமும் பிள்ளையின் நலனைத்தான் பார்க்கச் சொல்கிறது. சென்னையில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன ரோசி ஜேக்கப் வழக்கில், பிள்ளைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ அல்ல என்றும், பொறுப்பு பற்றிய ஆணை சூழ்நிலை மாறினால் மாறக்கூடியது என்றும் 1973இல் தீர்ப்பு வந்தது.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு ஒரு நீதிபதி என்ன எழுத முடியும்? பெரும்பாலும், ‘பிள்ளை தாயிடம் இருக்கட்டும், தந்தை மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்’ என்பது போல எழுதலாம். அவர் முன் இருப்பது காகிதங்கள். உங்கள் பிள்ளைக்கு இரவில் எத்தனை மணிக்குத் தூக்கம் வரும், பாட்டி இல்லாமல் சாப்பிடுமா, எந்த மாதம் அப்பா வீட்டில் இருப்பார் என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். பிள்ளை விஷயத்தில் சமரசம் தீர்ப்பைவிட மேலாக இருக்க முடியும் என்று சொல்வது இதனால்தான்.

ஒரு எடுத்துக்காட்டு

கனகசெட்டிக்குளத்தில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து விசைப்படகில் போகிறவர். அம்மா சண்டைக்குப் பிறகு மரக்காணம் பக்கம் தாய்வீட்டில், அதாவது தமிழ்நாட்டு எல்லைக்குள், ஏழு வயது மகளோடு இருக்கிறார். ‘மாதம் இரண்டு ஞாயிறு’ என்று ஆணை வந்தால் என்ன ஆகும்? கடலுக்குப் போகும் நாளும் திரும்பும் நாளும் காலண்டர் பார்த்து அமையாது. இரண்டு ஞாயிறு தவறினால், “அவருக்குப் பிள்ளை மேல பாசமே இல்ல” என்று பேச்சு வரும். மூன்றாவது ஞாயிறு போனால், “இன்னைக்கு முறை இல்ல” என்று கதவு சாத்தப்படும். அதற்காக ஒரு மனு, அதற்குப் பதில் மனு.

அதையே சமரசத்தில் பேசினால் வேறு மாதிரி எழுதலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பா கரையில் இருக்கும் அந்த நாட்களில்தான் பள்ளிக் கோடை விடுமுறையும் வருகிறது. அப்போது மகள் தொடர்ந்து மூன்று வாரம் அப்பா வீட்டில் இருக்கலாம். மற்ற மாதங்களில், படகு கரை சேர்ந்த மறுநாள் மாலை அவர் போய்ப் பார்க்கலாம். முந்தைய இரவே போனில் சொல்லிவிட வேண்டும். பொங்கல் ஒரு வீடு, தீபாவளி ஒரு வீடு, அடுத்த வருடம் மாற்றி. பிள்ளையை விடுவதும் கூட்டி வருவதும் யார், எங்கே என்பதும் அதிலேயே இருக்கலாம். இப்படி ஒரு ஏற்பாட்டை அந்த வாழ்க்கையை வாழ்கிறவர்கள்தான் எழுத முடியும்.

பணமும் இப்படித்தான். தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளிக்கு வருமானம் படுத்துவிடும். எல்லா மாதத்துக்கும் ஒரே தொகை என்று எழுதினால், மே மாதம் பாக்கி விழும். பாக்கி சேர்ந்தால் வாரண்ட் வரும், சிறைக்கும் போக நேரலாம். மீன் படும் மாதங்களில் சற்றுக் கூடுதலாகவும் தடைக்காலத்தில் குறைவாகவும், பள்ளிக் கட்டணத்துக்குத் தனியாகவும் என்று பிரித்து எழுதலாம். ஆனால், “பிள்ளைக்கு ஒண்ணும் தர வேண்டாம், விட்டுட்டா போதும்” என்று எழுத வேண்டாம். மனைவி தன் ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுக்கலாம். பிள்ளையின் உரிமையை விட்டுக்கொடுக்கத் தாய்க்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

இரண்டு மாநில எல்லையில் வாழ்பவர்களுக்கு இன்னொரு பயனும் உண்டு. விவாகரத்து மனு ஓரிடத்தில், ஜீவனாம்ச மனு இன்னோரிடத்தில் என்று கணவனும் மனைவியும் ஆளுக்கொரு ஊரில் வழக்குப் போடுவது நடப்பதுதான். சமரசத்தில் எல்லா வழக்குகளையும் ஒரே ஒப்பந்தத்தில் கொண்டுவந்து முடிக்கலாம். வரதட்சிணைக் கொடுமைக் குற்ற வழக்கு மட்டும் விதிவிலக்கு. நீங்களே திரும்பப் பெற முடியாது. உடன்பாட்டைக் காட்டி ரத்து செய்யும்படி உயர் நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும்.

எப்போது ‘வேண்டாம்’ சொல்லலாம்?

அடி உதை, மிரட்டல், குடித்துவிட்டு வந்து வீட்டை நாசம் செய்வது என்று இருந்தால், எதிரே உட்கார்ந்து சுதந்திரமாகப் பேச முடியாது. பயத்தில் போடும் கையெழுத்து சம்மதம் ஆகாது. அதைச் சமரசரிடம் தனியாகப் பேசும்போதே சொல்லுங்கள். நேருக்கு நேர் உட்கார மறுக்கவும் எழுந்து வரவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. சமரசம் நடக்கிறது என்பதற்காக, குடும்ப வன்முறையிலிருந்து பாதுகாக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு ஆணை கேட்பதை நிறுத்த வேண்டியதில்லை. அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181, பிள்ளைகளுக்கு 1098.

ரெனோன்சான் குடும்பங்கள் கவனிக்க

புதுச்சேரிக்கு மட்டும் உள்ள ஒரு விஷயம். 1881ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆணைப்படி தங்கள் தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்களின் வழியில் வந்தவர்கள் ‘ரெனோன்சான்’கள். இந்து திருமணச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே புதுச்சேரிக்கெனத் தனி உட்பிரிவு இருக்கிறது. நீங்கள் அப்படிப்பட்ட குடும்பம் என்றால், பழைய பதிவுகளோடு முதல் நாளே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். பெற்றோரில் ஒருவர் பிரான்சில் இருந்தால், பிள்ளையின் பாஸ்போர்ட் யாரிடம் இருக்கும், எத்தனை நாளைக்கு அழைத்துப் போகலாம், எந்தத் தேதிக்குள் திருப்பிக் கொண்டுவர வேண்டும், வீடியோ அழைப்பு எத்தனை மணிக்கு என்பதையும் ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.

எங்கே போவது, எவ்வளவு செலவு?

வழக்கு ஏற்கெனவே இருந்தால், சமரசத்துக்கு அனுப்பும்படி நீங்களே நீதிபதியிடம் கேட்கலாம். வழக்கே போடாதவர்கள் புதுச்சேரி சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகலாம். 15100 என்ற இலவச எண்ணில் விவரம் கேட்கலாம். நீதிமன்றச் சமரச மையத்தில் சமரசருக்கு நீங்கள் கட்டணம் தர வேண்டியதில்லை. பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

போகும்போது கல்யாணப் பதிவு, பிள்ளையின் பிறப்புச் சான்று, பள்ளிக் கட்டண ரசீது, வருமான விவரம், மற்ற வழக்குகளின் எண்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். கூடவே ஒரு வெள்ளைத் தாளில் பிள்ளையின் ஒரு வாரத்தை எழுதிக்கொள்ளுங்கள்: காலையில் யார் எழுப்புகிறார்கள், யார் பள்ளிக்கு விடுகிறார்கள், டியூஷன் எங்கே, காய்ச்சல் வந்தால் யாரைத் தேடும். ஒருவர் மேல் ஒருவர் வைக்கும் குறைப் பட்டியலை வக்கீல் எழுதிக்கொள்வார். இந்தத் தாளை உங்கள் இருவரைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது. பேச்சை அதிலிருந்து தொடங்கச் சொல்லிச் சமரசரைக் கேளுங்கள்.